கழுவக் கூடாத படம்

ஷார்ஜா
12.3.1987

அன்பு மச்சான் உத்தமனுக்கு அமீருதீன் எழுதுவது. நான் நலம். நீ, பூங்காவனம், பிள்ளைங்க எல்லாரும் சுகம்தானே?

என் தங்கச்சி கல்யாணத்துக்கு நீ எடுத்த மூணு ரோலும், நூத்தியெட்டு படமும், போன வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்துச்சு. லீவு நாள்ங்கறதால ரூம்ல எல்லாரும் தூங்கிட்டிருந்தாங்க. கட்டில் மேல வரிசையா பரப்பி வெச்சுப் பாத்தேன். முதல்ல திட்டிடறேன், அப்புறமா புகழறேன்.

ஏண்டா, ஃப்ளாஷை மூஞ்சிக்கு நேரா அடிக்காதே, கூரைக்குக் காட்டி அடி, வெளிச்சம் மெத்துனு எறங்கும்னு எழுதினது நான்தான். ஒத்துக்கறேன். கூரை வெள்ளையா இருந்தாத்தான்னு சேத்து எழுதாம விட்டது அவ்வளவு பெரிய தப்பா? பந்தக்காரன் செக்கச்செவேல்னு துணி கட்டியிருக்கான், அதுமேல அடிச்சிருக்கியே! மாப்பிள்ளை மூஞ்சி, பிரியாணி தேக்சா, நிக்காஹ் ஓதின ஹஜ்ரத்தோட வெள்ளைத் தாடி எல்லாம் ஒரே தக்காளி நிறம். ரூம்ல இருக்கற மலையாளி, "உங்க ஊர்ல கல்யாணத்துக்கு ஆம்பளைங்களும் ரூஜ் போடுவாங்களா?"ன்னு கேக்கறான்.

இப்ப புகழ்ச்சி. தங்கச்சி அழுது முடிச்சுட்டு ஜன்னலோரம் உக்காந்து மூக்கை உறிஞ்சறாளே, ஃப்ளாஷ் இல்லாம எடுத்தது, அந்த ஒரு படத்துக்கு உன் கைக்கு மோதிரம் போடலாம். நான் இருந்திருந்தாலும் அப்படி எடுத்திருக்க மாட்டேன். அழுதுகிட்டிருந்திருப்பேன்.

எல்லாத்தையும் மூணு தரம் பாத்தேன் மச்சான். அம்மா எங்கே?

நூத்தியெட்டுல ஒண்ணுல கூட இல்ல. நாப்பத்தோராவது படத்துல கதவோரமா வெள்ளைத் துப்பட்டி நுனி தெரியுது. அது அம்மாதானே? பூந்தமல்லியில எத்தனை பேர் வீட்டுக்கு நாம ரெண்டு பேரும் ஓசியில படம் எடுத்துக் குடுத்திருப்போம். பூனைக்கெல்லாம் எடுத்தோம். என்கிட்ட என் அம்மா படம் ஒண்ணு கிடையாது. ஊர்ல இருந்தவரைக்கும் அது ஒரு குறையாவே தெரியல, எதிர்லதானே இருந்தாங்க.

நாலு வருஷம் ஆகப் போகுது. இப்ப நினைச்சா குரல் வருது, மாவு பிசையற கை வருது, அந்த வெத்தலை வாசனை கூட வருது. முகம் மட்டும் ஃபோகஸ் ஆகாம நிக்குது. நான் பத்தாவது படிச்சப்ப இருந்த முகம் வருது, அது இப்ப இருக்கற முகம் இல்லையே. எனக்குப் பயமா இருக்கு.

லீவு இந்த ஏப்ரலுக்கும் இல்லைன்னுட்டான் மேனேஜர். ஸ்டோரைப் பாக்க ஆள் இல்லையாம். இது மூணாவது தடவை. அவன் ரூமை விட்டு வெளியே வந்து லாரிக்குப் பின்னாடி நின்னு அழுதேன், உன்கிட்ட சொல்றதுக்கு என்ன வெக்கம். அம்மாவை ஒரே ஒரு படம் எடுத்து அனுப்பு மச்சான். வேற ஒண்ணும் கேக்கல.

உன்
அமீர்


ஆவடி குவார்ட்டர்ஸ்
5.4.1987

மாமே அமீரு,

உன்னோட இன்னா ரோதனையாப் போச்சு! பந்தல் துணி செவப்புன்னா அதுக்கு நானா பொறுப்பு? கண்ணால பாக்கறப்ப அழகாத்தான் இருந்துச்சு. மாப்ள ஊட்ல கேட்டா, "படத்துல எல்லாரும் நல்ல கலரா கீறாங்க"ன்னு ஒரே சந்தோசம். உனக்குத்தான் குத்தம் கண்டுபிடிக்காம சோறு எறங்காது.

இப்ப அம்மா மேட்டருக்கு வரேன். எடுக்கலைன்னா நெனச்சுகினு கீற? ஏழு தபா ட்ரை பண்ணேன்டா. கேமராவைத் தூக்கினா எப்படித்தான் தெரியுதோ, தூண் பின்னாடி போயிடறாங்க, இல்லாட்டி யாரையாவது இழுத்து முன்னால நிறுத்திடறாங்க. பொண்ணை அனுப்பறப்ப கட்டிப் புடிச்சு அழுதாங்க பாரு, ஊரே அழுவுது, நானும் அழுவறேன், அப்பகூட அவங்க ஒரு கண்ணு என் கேமரா மேலதான் இருந்திச்சு. மார்க்கத்துல கூடாதுன்னு சின்ன வயசுல நீதானே எனக்குச் சொன்ன? நான் போய் எப்படி வற்புறுத்தறது?

சரி, நீ இவ்ளோ எழுதிட்டியேன்னு போன ஞாயித்துக்கெழம சைக்கிளை எடுத்துகினு பூந்தமல்லி போனேன். நேராவே கேட்டேன். "அம்மா, அமீரு அழுவறான், ஒரே ஒரு படம்"ன்னேன். எழுந்து போய் அடுப்புல கல்லைப் போட்டாங்க. அப்பால, "முட்டை தோசை ஊத்தட்டுமா நைனா?"ன்னாங்க. ஊத்தினாங்க. சாப்ட்டுட்டு வந்துட்டேன். வேற இன்னா பண்ணச் சொல்ற?

ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே. உன் லெட்டரை எதிர் ஊட்டு நசீம் பானு அக்காதான் அவங்களுக்குப் படிச்சுக் காட்டுது. அன்னிக்கு நானும் கேட்டேன். "நலம். நலமறிய ஆவல். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்." முடிஞ்சு போச்சு. படிச்ச லெட்டரை மறுபடியும் படின்னு அவங்க கேக்கறாங்க, அந்த அக்கா மறுபடியும் அதே நாலு வரியைப் படிக்குது. எனக்கு ஃப்ளாஷ் பத்தி மூணு பக்கம் எழுதற கைதானே அது? தங்கச்சி போனதுலேந்து ஊட்ல அவங்க ஒண்டியாத்தான் கீறாங்க.

இதோட ரெண்டு படம் வெச்சுகீறேன். திருமுல்லைவாயில் ஸ்டேஷன்ல கேமராவை பெஞ்சு மேல வெச்சுகினு, ஒரு செகண்டுல பதினைஞ்சுல ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் தொறந்து எடுத்தது. நின்ன ரயில் கூரா கீது, ஓடற ஜனங்க மட்டும் இழுத்துகினு போறாங்க பாரு. பூங்காவனம் பாத்துட்டு, "இன்னா, எல்லாம் பேய் மாதிரி கீது, ஃபிலிமை வேஸ்ட் பண்றியே"ன்னுது. நீ இன்னா சொல்றேன்னு எழுது. நல்லா இருந்தா மட்டும் எழுது.

உத்தமன்


ஷார்ஜா
20.4.1987

மச்சான்,

ரயில் படம் ரெண்டும் செவுத்துல ஒட்டியாச்சு. பூங்காவனம் சொல்றதைக் கேக்காதே. இரண்டாவது படத்துல கொடையோட ஓடற அந்த அம்மா மட்டும் பாதி கூரா, பாதி கலைஞ்சு இருக்காங்களே, அது தானா வராது. கண்ணு இருக்கறவனுக்குத்தான் வரும்.

அம்மாவுக்கு இனிமே நீளமா எழுதறேன். என்ன எழுதறதுன்னு தெரியாமத்தான் நாலு வரியோட நிறுத்திடறேன். இங்க சந்தோஷமா இருக்கேன்னு எழுதினா பொய், இல்லைன்னு எழுதினா அவங்க சாப்பிட மாட்டாங்க.

என்கூட வேலை செய்யற ஷஃபியுல்லா ஊருக்கு வர்றார். அவர் கையில ஒரு பொட்டலம் குடுத்திருக்கேன். உள்ள 135 லென்ஸ் இருக்கு, உன் கேமராவுக்குப் பொருந்தறதுதான். தெருவுக்கு இந்தப் பக்கம் நின்னா அந்தப் பக்கத்து மூஞ்சி ஃப்ரேம் முழுக்க வரும். எதுக்குன்னு புரிஞ்சிருக்கும்.

நான் வேற மாதிரிதான் எடுக்க ஆசைப்பட்டேன். காலையில பத்து மணிக்கு எங்க அடுப்படியில, மேல பதிச்சிருக்கற கண்ணாடி ஓடு வழியா ஒரு வெளிச்சம் எறங்கும். அரிசி பொடைக்க அம்மா அங்கதான் உக்காருவாங்க. வலது கன்னத்துல வெளிச்சம் விழும். இடது பக்கம் இருட்டிடும், அதுக்கு ஒரு தெர்மகோல் அட்டையை சாய்ச்சு வெச்சா போதும். 125 ஃபிலிமுக்கு அப்பர்ச்சரை நாலுல, ஷட்டரை முப்பதுல வெச்சு அடிச்சா அப்படியே வரும். ஸ்டோர்ல அலுமினியக் குழாய் எண்ணிட்டிருக்கறப்ப இதையேதான் நினைச்சுகிட்டிருப்பேன். அந்த இடத்துல எப்ப எந்த வெளிச்சம் வரும்னு இங்கேந்தே சொல்ல முடியுது, அங்க உக்காந்திருக்கறவங்க முகத்தை மட்டும் சொல்ல முடியல.

நேரா கேட்டா குடுக்க மாட்டாங்க. அதனால அவங்களுக்குத் தெரியாம எடு. நோன்பு ஆரம்பிக்கப் போகுது, இந்த நேரத்துல இதை எழுத எனக்கே கை கூசுது. பெருநாள் கழிச்சு எடு. பாவம்னா அது எனக்கு வரட்டும், உனக்கு வேண்டாம். அவங்க பெத்த மகன், நான் சொல்றேன்.

அமீர்


ஆவடி
21.6.1987

அமீரு,

எடுத்துட்டேன். இதைப் படிச்சுட்டு குதிக்காதே, முழுசா படி.

போன புதன்கெழம பேக்டரிக்கு லீவு போட்டேன். மசூதி மினாராவைப் படம் புடிக்கணும்னு டபாய்ச்சு நசீம் பானு அக்கா ஊட்டு மாடிக்கு ஏறினேன். நீ குடுத்த லென்ஸை மாட்டி உங்க ஊட்டு வாசப்படிக்கு ஃபோகஸ் பண்ணி வெச்சுகினு குந்திட்டேன். சரியா பதினொண்ணரைக்கு அம்மா வெளிய வந்தாங்க. ஒரு வேலையும் இல்ல, சொம்மா நிலையைப் புடிச்சுகினு நின்னாங்க. எதுக்குடா நிக்கறாங்கன்னு பாத்தா, தெருக்கோடியில போஸ்ட்மேன். ஒவ்வொரு ஊடா குடுத்துகினு வராரு. அம்மா முகத்தை அந்தக் கண்ணாடிக்குள்ள நான் பாத்துகினே கீறேன். பக்கத்து ஊட்டுக்குக் குடுத்தாரு. உங்க ஊட்டைத் தாண்டிப் போயிட்டாரு. அப்ப அமுக்கிட்டேன்.

ஒரே ஒரு தபா. அப்பால கேமராவைப் பையில போட்டுகினு எறங்கிட்டேன்.

அன்னிக்கு சாயங்காலமே பாத்ரூம்ல பல்பை அணைச்சு கும்மிருட்டாக்கிகினு, பூங்காவனம் கதவைத் தட்டத் தட்ட, கழுவினேன். நல்லா வந்திருக்கு மாமே. நான் எடுத்ததுலயே அதான் நல்ல படம். ஆனா பிரிண்ட் போட மனசு வரல. கக்கூசுக்குப் போறவங்களை எட்டிப் பாத்த மாதிரி ஒரு மாதிரியா கீது. அந்த மூஞ்சி உனக்குன்னு வெச்சிருந்தது, நான் திருடிட்டேன். ரெண்டு நாள் வேலையில நட்டு மாத்தி மாட்டி சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்கினேன்.

வெள்ளிக்கெழம ஷிப்ட் முடிஞ்சு, அந்த ஒரு ஃப்ரேமை மட்டும் வெட்டி எடுத்துகினு பூந்தமல்லி போனேன். அம்மா கையில குடுத்து, "தப்புப் பண்ணிட்டேன், நீங்களே அடுப்புல போட்டுடுங்க"ன்னேன். அடிப்பாங்கன்னு நெனச்சேன். அவங்க ஜன்னல் பக்கம் போய், நான் சொன்ன மாதிரியே வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் புடிச்சுப் பாத்தாங்க.

நெகடிவ்ல எல்லாம் மாறித்தானே தெரியும்? துப்பட்டி கறுப்பு, மூஞ்சி வெளுப்பு, தலைமுடி கருகருன்னு. பாத்துட்டு ஒரே சிரிப்பு. "யாரு உத்தமா இது, என் தங்கச்சியா? முடியைப் பாரேன்! கல்யாணமாகி இந்த ஊட்டுக்கு வந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு"ன்னாங்க. அவ்ளோ சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

அப்ப தைரியம் வந்து கேட்டேன். "மார்க்கத்துல கூடாதுன்னுதானேம்மா வேணாங்கறீங்க?"ன்னேன்.

"அது அமீரோட வாப்பா உசுரோட இருந்தப்ப சொல்லிகினு இருந்தது. நான் சொல்றது வேற"ன்னாங்க. அவங்க சொன்னதை அப்படியே எழுதறேன், ஒரு வார்த்தை கூட்டல கொறைக்கல:

"நசீம் பானு மவன் குவைத்து போய் ஒம்பது வருசம், இன்னும் ஊருக்கு வரல. ஒவ்வொரு பெருநாளைக்கும் இவ ஸ்டூடியோவுக்குப் போய் படம் எடுத்து அனுப்பறா. அவன் அதைச் செவுத்துல மாட்டிகினு கீறானாம். நல்ல புள்ளைதான், குத்தம் சொல்லல. ஆனா அதைப் பாத்துப் பாத்து அவனுக்கு ஆசை அடங்கிடுது. என் புள்ளைக்கு அடங்கக் கூடாது உத்தமா. பசிக்கட்டும். பசிச்சாத்தான் ஊட்டுக்கு வருவான்."

நாலு வருசமா நாம ரெண்டு பேரும் மார்க்கம், மார்க்கம்னு சொல்லிகினு இருந்தோம், பாத்தியா.

நெகடிவை எனக்கே திருப்பிக் குடுத்துட்டாங்க. "இதை அவனுக்கு அனுப்பு. இதுல நான் கீறேன், இல்லாமலும் கீறேன். பாத்துக்கட்டும். ஆனா கழுவக் கூடாதுன்னு சொல்லு. என் நரைமுடியைப் பாக்கணும்னா நேர்ல வரச் சொல்லு"ன்னாங்க. சத்தியம் பண்ணச் சொன்னாங்க. உனக்கும் சேத்து நான் பண்ணிட்டேன்.

உள்ள பட்டர் பேப்பர்ல மடிச்சு வெச்சிருக்கேன். கைரேகை படாம எடு.

உத்தமன்


ஷார்ஜா
10.7.1987

மச்சான்,

வந்துடுச்சு. பத்து நாளா சட்டைப் பையிலயே வெச்சிருக்கேன்.

இங்க என் கேமராவுல இருக்கற 50 லென்ஸைக் கழட்டித் திருப்பிப் புடிச்சு, அது வழியா பெரிசு பண்ணிப் பாத்தேன். நிலையைப் புடிச்சிருக்கற விரல் தெரியுது. மோதிர விரல்ல அந்தத் தழும்பு தெரியுது. கண்ணுக்குள்ள வெள்ளையா ரெண்டு ஓட்டை. கறுப்பு வெள்ளை, வெள்ளை கறுப்புன்னு மனசுலயே மாத்திப் போட்டுப் பாக்கறேன், ஒரு நிமிஷம் வர்ற மாதிரி இருக்கு, உடனே நழுவிடுது. எத்தனை ஆயிரம் நெகடிவ் பாத்தவன் நான், பாத்த உடனே எது நல்ல பிரிண்டு ஆகும்னு சொல்லுவேன். என் அம்மாவை என்னால படிக்க முடியல.

நேத்து ஸ்டோர்ல வெச்சு ஒண்ணு பண்ணேன். கறுப்புத் துணி மேல நெகடிவை வெச்சு, ஒரு ஓரமா சாய்ச்சு வெளிச்சம் காட்டினேன். அப்படிப் பண்ணா சில சமயம் பாசிட்டிவ் மாதிரி மின்னும், நினைவிருக்கா, நாம விளையாடுவோமே. மின்னிச்சு மச்சான். கண்ணை மூடித் திறக்கற நேரம், நரைச்ச முடியோட அம்மா. அப்புறம் எவ்வளவு சாய்ச்சும் வரல. லாரிக்காரன் ஹாரன் அடிச்சது கூடக் காதுல விழல.

இப்ப ஒரு நியாயம் கேக்கறேன். அம்மா என்ன சொன்னாங்க? கழுவக் கூடாதுன்னாங்க. கழுவறதுன்னா என்ன? ஃபிலிமை மருந்துல போட்டு எடுக்கறது. அதை உன் பாத்ரூம்லயே முடிச்சுட்டே. இது கழுவின ஃபிலிம். பிரிண்ட் போடறது வேற வேலை, அதுக்கு வேற பேப்பர், வேற மருந்து. பிரிண்ட் போடக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்களா? சொல்லலையே. நம்ம ரூமுக்கு எதிர்லயே லேப் இருக்கு. அரை மணி நேர வேலை.

சிரிக்காதே. பத்து நாளா இதையேதான் யோசிக்கறேன். என்ன சொல்றே?

டிசம்பர்ல லீவு தர்றேன்னு மேனேஜர் வாயால சொல்லியிருக்கான்.

அமீர்


ஆவடி
30.7.1987

டேய்,

வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டியவன்டா நீ! ஸ்டோர்ல கொழாய் எண்ணிகினு கீற.

ஊர்ல ஸ்டூடியோவுக்குப் போய், "படம் கழுவிட்டீங்களா?"ன்னு கேட்டா இன்னா அர்த்தம்? கையில படம் வந்துச்சான்னு அர்த்தம். மருந்து எது, பேப்பர் எதுன்னு உங்க அம்மாவுக்குத் தெரியுமா? அவங்க இன்னா சொன்னாங்கன்னு எனக்கும் தெரியும், உனக்கு என்னை விட நல்லாவே தெரியும். தெரிஞ்சதாலதானே என்கிட்ட நியாயம் கேக்கற?

சத்தியம் பண்ணது நானு. போடறதும் போடாததும் உன் இஷ்டம், அங்க வந்து நான் உன் கையைப் புடிச்சுக்க முடியாது. ஆனா போட்டா என்கிட்ட மறைக்காதே, அது மட்டும் கேட்டுக்கறேன்.

போறப்பல்லாம் அம்மா கேக்கறாங்க. "கழுவலையே?"ன்னு. "இல்லம்மா"ன்னு சொல்லிகினு வரேன். டிசம்பர்னு சொன்னதும் அம்மா, நசீம் பானு அக்கா கையைப் புடிச்சுகினு, டிசம்பருக்கு எத்தனை நாள் கீதுன்னு விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சுட்டாங்க.

உத்தமன்


ஷார்ஜா
4.9.1987

அன்பு மச்சானுக்கு,

உன் லெட்டர் கிடைச்சுது. பதில் போடத் தாமதமாயிடுச்சு, மன்னிச்சுக்கோ. இங்க வெயில் கொஞ்சம் கொறைஞ்சிருக்கு. நான் நல்லா இருக்கேன், சாப்பாடு நல்லா எறங்குது, ஒரு கிலோ ஏறியிருக்கேன்.

புதுசா ஒரு ஃப்ளாஷ் பாத்தேன். தலையை நாலு பக்கமும் திருப்பலாம், முன்னால ஒரு கண்ணு வெச்சிருக்கான், வெளிச்சம் போதும்னு தெரிஞ்சா தானே அணைஞ்சுக்கும். இனிமே நீ கணக்குப் போட வேண்டாம், எந்த ஃபிலிம்னு சொல்லிட்டா போதும். உனக்கு ஒண்ணு வாங்கி அனுப்பறேன். ஒரு வெள்ளைக் கொடையும் இருக்கு, அதுக்குள்ள ஃப்ளாஷை அடிச்சா பந்தல் துணி எந்தக் கலரா இருந்தாலும் கவலை இல்ல. அடுத்த தடவை மாப்பிள்ளை தக்காளி ஆக மாட்டார்.

டிசம்பர் லீவு மார்ச்சுக்குப் போயிடுச்சு. சரக்கு எண்ணற வேலை இருக்காம். பரவாயில்ல, மூணு மாசம்தானே, ஓடிடும். அம்மாகிட்ட சொல்லிடு.

நீ அனுப்பின ஆவடி சந்தைப் படங்கள் அருமை. முக்கியமா மீன்காரம்மா. கறுப்பு எங்கெங்க கறுப்பா இருக்கணுமோ அங்க இருக்கு. வேற விசேஷம் இல்ல.

அமீர்


ஆவடி
1.10.1987

அமீருதீன்,

உன் ஃப்ளாஷ் எனக்கு வேணாம்.

லீவு தள்ளிப் போச்சுன்னு சொல்லிடுன்னு எழுதியிருந்த இல்ல? போய்ச் சொன்னேன். லெட்டரை முழுசாப் படிச்சுக் காட்டச் சொன்னாங்க. கேமரா, ஃப்ளாஷ்னு உங்களுக்கு ஒண்ணும் புரியாதும்மான்னேன். பரவாயில்ல, படின்னாங்க. படிச்சேன். வெள்ளைக் கொடை, தக்காளி, மீன்காரம்மா எல்லாத்தையும் கேட்டுகினு பூண்டு உரிச்சுகினு இருந்தாங்க. லீவு மேட்டர் வந்ததும் கையை நிறுத்திட்டாங்க.

"இன்னொரு தபா படி"ன்னாங்க.

"பரவாயில்ல, மூணு மாசம்தானே, ஓடிடும்"னு படிச்சேன்.

"முன்னல்லாம் லீவு இல்லைன்னா அழுவானே, இதுல அழுதிருக்கானா?"ன்னு கேட்டாங்க. நான் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பாக்கறேன். லாரிக்குப் பின்னால நின்னு அழுதேன்னு எழுதினவன்டா நீ. இல்லம்மா, அழுவலன்னேன்.

"கழுவிட்டான்"னாங்க.

அவ்ளோதான். கோவம் கூட இல்ல. முறத்தை எடுத்துகினு உள்ள போயிட்டாங்க. வெளிய வருவாங்க, எதுனா சொல்லி அனுப்புவாங்கன்னு ஒரு மணி நேரம் குந்திகினு இருந்தேன். வரல. நான் அந்த ஊட்டுக்குப் போய் தோசை சாப்டாம திரும்பினது அன்னிக்குத்தான்.

நிஜமாடா? போட்டுட்டியா? இல்லைன்னு எழுது, நான் ஓடிப் போய் அவங்ககிட்ட சொல்றேன். இல்லைன்னு எழுத முடியலைன்னா எதையும் எழுதாதே.

உத்தமன்


ஷார்ஜா
23.10.1987

மச்சான்,

எழுதாதேன்னு சொன்னே, இருந்தாலும் எழுதறேன்.

ஆமாம். ஆகஸ்டு ரெண்டாவது வாரம் போட்டேன். எட்டுக்குப் பத்து. லேப்காரன் ட்ரேயில பேப்பரைப் போட்டு ஆட்டறான், முதல்ல நிலை வருது, அப்புறம் விரல், அப்புறம் துப்பட்டி, கடைசியில முகம். நான் அங்கேயே உக்காந்துட்டேன். இவ்வளவு நரைச்சிருக்கும்னு எனக்குத் தெரியாது. இடது கன்னம் இவ்வளவு ஒட்டியிருக்கும்னு தெரியாது. நீ மறைக்காதேன்னு கேட்டே, மறைச்சேன். ஃப்ளாஷ் பத்தி ஒரு பக்கம் எழுதினா நீ கவனிக்க மாட்டேன்னு நினைச்சேன்.

பீரோ கதவுக்கு உள் பக்கம் ஒட்டி வெச்சிருந்தேன். காலையில சட்டை எடுக்கத் திறந்தா அம்மா. "வர்றேன்மா"ன்னு சொல்லிட்டு வேலைக்குப் போவேன். சாயங்காலம் வந்து, "வந்துட்டேன்மா"ன்னு சொல்லுவேன். நல்லா தூங்கினேன். நல்லா சாப்பிட்டேன். நாலு வருஷத்துல நான் சந்தோஷமா இருந்தது அந்த ரெண்டு மாசம்தான், பொய் சொல்லல.

ஆகஸ்டு கடைசியில மேனேஜர் கூப்பிட்டு, லீவை மார்ச்சுக்கு வெச்சுக்கலாமான்னு கேட்டான். மூணு தடவையும் அவன்கிட்ட மல்லுக்கு நின்னவன் நான். இந்தத் தடவை சரின்னுட்டேன். யோசிக்கல, வாய் தானா சொல்லிடுச்சு. சொன்னதே எனக்குத் தெரியல மச்சான். உன் லெட்டர்ல அம்மா கேட்டதைப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. பீரோவைத் திறந்து பாத்தேன். அம்மா எங்கேயும் போகல, அப்படியே நின்னுகிட்டிருந்தாங்க. அதுதான் என்னைக் கெடுத்தது.

நசீம் பானு அக்கா மகனை நானும் எவ்வளவோ பேசியிருக்கேன், பெத்தவளை மறந்துட்டான்னு. அவன் மறக்கல, மச்சான். தினம் பாத்துகிட்டிருந்திருக்கான்.

மேனேஜர்கிட்ட போய் மார்ச்சு முடியாது, டிசம்பர்தான்னு சொன்னேன். அப்ப திரும்பி வர்றப்ப இந்த இடம் உனக்கு இருக்கும்னு என்னால சொல்ல முடியாதுன்னான். சொல்ல வேண்டாம்னேன். டிசம்பர் மூணாம் தேதி வியாழக்கிழமை மெட்ராஸ்ல எறங்கறேன்.

படத்தைக் கிழிச்சுப் போடலாம்னு பாத்தேன், கை வரல. பீரோவுல இருந்து எடுத்து, நெகடிவோட சேத்துப் பெட்டியில வெச்சிருக்கேன். ரெண்டையும் அம்மா கையில குடுத்துடறேன்.

நீ இப்பவே பூந்தமல்லிக்குப் போய் அவங்ககிட்ட சொல்லிடு. கழுவிட்டேன்னு சொல்லு. அவங்க சொன்னது சரின்னும் சொல்லு. வர்ற தேதியைச் சொல்லு. அவங்க என்ன பதில் சொன்னாலும் எனக்கு எழுதி அனுப்பாதே. திட்டினாலும் சரி, முகத்தைத் திருப்பிக்கிட்டாலும் சரி, எதிர்ல நின்னு நானே பாத்துக்கறேன்.

அமீர்